மாஸ்டரும் சிவப்புக் கோடும்

“கிளட்ச்சை முழுசா விட்டுடாதீங்க மேடம். பாதியில பிடிங்க... அப்படித்தான். மழை கொட்டுது. அவ கூரைக்கு அடியில ஒதுங்கி நிக்கிறா. அவன் குடையை எடுத்துட்டு வரான். அவன் அவசரமே படல. நீங்களும் படாதீங்க.”

கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக ஒரு வண்டியை நகர்த்தியிருந்தேன். ஆனால் அந்த நிமிடத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. குடை என்ன ஆயிற்று என்பதுதான் கவலை.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் ரெண்டாவது கியர்,” என்றார் மாஸ்டர்.

டிரைவிங் மாஸ்டருக்கு ஐம்பத்தேழு வயது. ஒல்லி. சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கால் அவற்றின்மேல் படாமல் எப்போதும் ஓர் அங்குல உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். முப்பது வருடம் பிரேக்கை மிதித்ததில் அவருடைய வலது காலணி மட்டும் தேயும். வலதை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று செருப்புக் கடையில் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர். குள்ளமான மாணவிகளுக்காக ஒரு மெத்தை வைத்திருக்கிறார். எனக்கு முதல் நாளே அதை எடுத்துக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசாமல்.

பாடம் நடத்தும்போது அவர் சொல்வது டி.வி.யில் பார்க்கும் சீன நாடகங்களின் கதை. “பயம் மண்டைக்குள்ள கால் நீட்டி உக்காந்திருக்கு மேடம். போடான்னா போகாது. அந்த இடத்துல வேற ஆளைக் கொண்டு வந்து உக்கார வைக்கணும்” என்பது அவர் கொள்கை. காலை ஆறு மணி மாணவிக்கு மகாராணி இன்னும் கர்ப்பமாக இருப்பாள். ஏழு மணிக்கு வரும் பல் டாக்டருக்குக் குழந்தை பிறந்து, களவும் போயிருக்கும். எட்டு மணிக்கு நான் ஏறும்போது அதே குழந்தை வளர்ந்து, வாளெடுத்துப் பழிவாங்கப் புறப்பட்டிருக்கும். யாருக்கு எதுவரை சொன்னோம் என்பது அவருக்கு ஒரு நாளும் தவறியதில்லை. மூன்று முறை தேர்வில் கோட்டைவிட்ட அந்தப் பல் டாக்டர், நான்காம் முறை தேறிய பிறகும் கதைக்காகப் பத்து நாள் வந்துபோனார்.

பெயர்கள் மட்டும் அவர் நாக்கில் நிற்காது. ஆகவே குடைக்காரன், வெள்ளை அங்கி, இருமல் ராஜா, தலையில் நகைக்கடையையே சுமக்கும் மகாராணி என்று அவரே பெயர் சூட்டிவிடுவார். அலுவலகம் என்று ஓர் அறை இருக்கிறது. அதில் சாலைக் குறிகளின் படமும், அட்டையில் வரைந்த நாற்சந்தியும், நான்கைந்து பொம்மைக் கார்களும் உண்டு. யார் முதலில் போகலாம் என்று விளக்குவதற்கான கார்கள் அவை. ஒருநாள் எனக்கு அரண்மனைச் சூழ்ச்சி புரியவில்லை என்றதும், சிவப்புக் காரை நடுவில் வைத்து, “இது மகாராணி. இந்த வேன் அவ மாமியார். மாமியாருக்குத்தான் எப்பவும் வழி விடணும், சிக்னல் எதுவா இருந்தாலும்” என்றார்.

திரையில் கீழே ஓடும் தமிழ் எழுத்துகள் ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்தவை. “எவனோ அகராதியைக் கரைச்சுக் குடிச்சுட்டு அப்படியே எதுக்களிச்சிருக்கான்” என்பார். ஆனாலும் அந்த வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பார். தட்டைக் கீழே போட்ட பணிப்பெண் மண்டியிட்டு, ‘இந்த அடிமை ஆயிரம் மரணங்களுக்குத் தகுதியுடையவள்’ என்பாளாம். நான் நடுச்சாலையில் எஞ்சினை அணைத்துவிட்டு, பின்னால் நிற்பவர்கள் ஹாரனால் வைதுகொண்டிருந்தபோது, மாஸ்டர் நிதானமாகச் சொன்னார்: “ஆயிரம் மரணத்துக்கெல்லாம் தகுதி இல்ல மேடம். சாவியைத் திருப்புங்க, போதும்.”

“ஒரு ராஜகுமாரன் நிலா வெளிச்சத்துல நின்னு, ‘என் இதயமும் ஈரலும் நீதான்’ங்கறான். என்னடா இது, கறிக்கடையில பேசற பேச்சுன்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். இதயத்தை விட ஈரல்தான் சத்தம் போடாம நெறைய வேலை பாக்குது. சரியாத்தான் சொல்லியிருக்கான்.”

அந்த நாடகங்களைப் பற்றி அவருக்கு ஒரே மனக்குறை, அதில் யாரும் ஒழுங்காக ஓட்டுவதில்லை என்பது. “குதிரையில பறக்கறான், திரும்பறப்போ பின்னாடி பாக்கறதே இல்ல. பல்லக்கை நடுத்தெருவுல எறக்கி வச்சுட்டு லவ் பண்றாங்க. இந்தக் காலத்துக் கதைன்னா இன்னும் மோசம். கோட்டு சூட்டு போட்ட முதலாளி, பக்கத்துல இருக்கறவ கண்ணையே பாத்துக்கிட்டு எண்பதுல போறான். ரோட்டைப் பாருடா பாவி! அதான் பத்து எபிசோடுக்கு ஒருத்தன் கட்டுப் போட்டுப் படுத்திருக்கான்.” மற்றதெல்லாம் பிடிக்கும். பனி கொட்டும்போதும் யாரும் ஜன்னலைச் சாத்தாதது பிடிக்கும். கையைப் பிடிக்கவே பதினெட்டு எபிசோடு ஆவது ரொம்பப் பிடிக்கும். துக்கத்தில் ஒரே நாளில் தலை முழுக்க நரைத்துப்போகும் காட்சியைச் சொல்லும்போது மட்டும் அவர் கை தன் தலைக்குப் போய்விட்டு வரும்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதைப் பன்னிரண்டாம் நாள், மூடிய ரயில்வே கேட்டின்முன் காத்திருந்தபோது சொன்னார். அவருக்கு ஒரே மகள். அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது தாய் இறந்துபோனாள். தலை பின்னிவிடுவதிலிருந்து எல்லாம் இவர்தான். சீன நாடகம் பார்த்தது அவள். இவர் குறுக்கே நடக்கும்போதெல்லாம், “இது ஆம்பளையா பொம்பளையா? இவ்வளவு முடிக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகும்?” என்று கேட்டு அவளைச் சீண்டிவிட்டுப் போவாராம்.

படிப்பு முடிந்து வேறோர் ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. இவர் போகக்கூடாது என்றார். அந்த வாக்குவாதம், கெட்ட நேரம், காருக்குள் நடந்தது. அவளுக்கு அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆயிரம் பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் மேடம். கத்தினது ஒரே ஒருத்திகிட்ட. ‘உனக்கு ஒரு வளைவு ஒழுங்கா திரும்பத் தெரியல, நீ தனியா ஊர்ல போய்க் கிழிக்கப் போறியா’ன்னு கேட்டுட்டேன். அவ இண்டிகேட்டர் போட்டா. கண்ணாடியைப் பாத்தா. ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியை எடுத்து என் கையில வச்சுட்டு இறங்கிப் போயிட்டா. அதுல ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது.”

அன்று மாலையே பெட்டியோடு கிளம்பிவிட்டாள். விலாசத்தை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். “நீங்க கூப்பிடாதீங்க, நானே கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவள் கூப்பிடவில்லை. பதினான்கு மாதம்.

அவள் போன மூன்றாவது வாரம், செய்தி கேட்பதற்காக மாஸ்டர் டி.வி.யைப் போட்டிருக்கிறார். மகள் பாதியில் விட்ட நாடகங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சிவப்புக் கோடு, எதுவரை பார்த்தாள் என்பதற்கு அடையாளம். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே போட்டால், அதில் ஒரு கோடு கொஞ்சம் நீண்டிருந்தது.

“யாரு நகத்தினது? நான் நகத்தல. வீட்டுல பூனைகூடக் கிடையாது. அப்பத்தான் மண்டையில உறைச்சுது. அந்த நாடக ஆப்புல ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு. அவ அங்க போன்ல பாக்கறா, இங்க டி.வி.யில கோடு நகருது. வாயில நுரையோட அப்படியே உக்காந்துட்டேன் மேடம்.”

அன்றிலிருந்து அந்தக் கோடுதான் அவருக்குக் கடிதம். தினமும் காலை முதல் வேலை அதைப் படிப்பது. மூன்று எபிசோடு ஒரே மூச்சில் ஓடியிருந்தால் அவளுக்கு விடுமுறை. பத்து நிமிடத்தில் நின்றிருந்தால் அசதியில் தூங்கிவிட்டாள். கைரேகை பார்ப்பவன் தோற்றான். பிறகு அவள் பார்ப்பதை இவரும் பார்க்க ஆரம்பித்தார். அவளை முந்திக்கொண்டு கடைசி வரை பார்த்துவிடுவார். “பாதை எப்படி, எங்க பள்ளம்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கணும்ல?” பார்த்து முடித்ததும், அவள் விட்ட எபிசோடின் விட்ட நிமிடத்துக்கே கோட்டைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவார். ரிவர்ஸில் போய்க் கட்டத்துக்குள் வண்டியை விடுகிற கவனத்தோடு, நொடி பிசகாமல்.

ஒரே ஒரு முறை எல்லை மீறினார். ஒரு நாடகத்தில் கடைசியில் நாயகனும் நாயகியும் செத்துப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. மகள் அப்போது பாதியில் இருந்தாள். தாங்க மாட்டாள் என்று அதைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார். “மறுநாள் பாத்தா, அது திரும்ப வந்து முதல் ஆளா உக்காந்திருக்கு! அப்படியே அவங்க அம்மா.” ஆக, தன் அப்பாவும் பார்க்கிறார் என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. கணக்கின் கடவுச்சொல்லை இவர் மாற்றவில்லை. அவளும் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளவில்லை. போன் மட்டும் இரண்டு பக்கமும் அடிக்கவில்லை.

ரயில் போய்விட்டது. கேட் திறந்தது. “முதல் கியர்” என்றார்.

என் வகுப்பின் இருபத்தோராம் நாளிலிருந்து மாஸ்டர் கெட்டுப்போனார். காலியான சாலையில் திடீரென்று பிரேக்கை மிதித்தார். குடைக்காரன் கதையைக் கேட்டால், “இன்னிக்கு வண்டியை மட்டும் ஓட்டுங்க மேடம்” என்றார். மூன்றாம் நாள் நானே ஓரம் கட்டிக் கேட்டேன்.

“கோடு நின்னுடுச்சு,” என்றார். “குடைக்காரன் நாடகம்தான். இருபத்திநாலாவது எபிசோடு, முப்பத்தெட்டாவது நிமிஷம். இன்னியோட ஒன்பது நாள். வேற எதுவும் நகரல. இதுக்கு முன்னாடி நாலு நாளுக்கு மேல நின்னதே கிடையாது.”

“ஒரு போன் பண்ணிடுங்க மாஸ்டர்.”

“பண்ணி, அவ எடுக்காம போயிட்டா? அதுக்கப்புறம் எனக்குன்னு என்ன மிச்சம் இருக்கு?”

“நான் வேணும்னா பண்றேன்.”

“வேணாம். அப்பன் ஆள் விட்டு வேவு பாக்கறான்னு ஆயிடும்.”

ஸ்டியரிங்கை வெறித்துக்கொண்டிருந்தவர், தன் தொழில் குரலுக்கு மாறினார். “மேடம், உங்களுக்கு டவுன் பழகிடுச்சு. பெரிய ரோடுதான் பழக்கம் இல்ல. ஞாயித்துக்கிழமை லாங் டிரைவ் கிளாஸ் வச்சுக்கலாமா? ஒரு மூணு மணி நேரம்.” எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்பானேன்?

ஞாயிறு காலை, கூரைமேல் பயிற்சிப் பலகையோடு நெடுஞ்சாலையில் அறுபதில் போனோம். லாரிகளெல்லாம் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு முந்தின. சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகிறது என்று, மாஸ்டர் மிச்சக் கதை முழுவதையும் சொல்லித் தீர்த்தார். இருபத்துநாலாவதில் குடைக்காரன் மலையிலிருந்து விழுகிறான். தலையில் அடி. எல்லாம் மறந்துபோகிறது. தேடி ஓடிவந்தவளின் முகத்தைப் பார்த்து, யார் நீ என்று கேட்கிறான்.

“அங்கதான் மேடம் என் பொண்ணு நிறுத்தியிருக்கா. அதைப் பாத்துட்டு மனசொடிஞ்சுபோய்... உடம்புக்கு எதுவும்... கூட யாரு இருக்கா, சொல்லுங்க?”

“ஞாபகம் வருமா அவனுக்கு?”

“முப்பத்தொண்ணுல வரும். கதாநாயகி ஒரு தும்மல் போடுவா. அதைக் கேட்டதும் வந்துடும்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஏழு எபிசோடு பொறுத்தா போதும். அது என் பொண்ணுக்குத் தெரியாதே.”

அது நான்கு மாடிக் கட்டடம். அவள் இருந்தது மூன்றாம் மாடி. விலாசம் எழுதிய தாள் அவர் கையில் இல்லை. மனப்பாடமாகவே சொல்லி வழிகாட்டினார். வண்டியை நிறுத்தியதும் அவர் இறங்கவில்லை. “நீங்க முதல்ல போய் மணி அடிங்க மேடம். வீடு மாறி வந்துட்டோம்னு சொல்லுங்க. ஆள் நல்லா இருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வாங்க.”

மணி அடித்தேன். சத்தமில்லை. மறுபடி அடித்தேன். உள்ளே தாழ்ப்பாள் விலகியது. தலையில் ஈரத் துண்டோடு, கையில் பாதி தின்ற ஆப்பிளோடு ஒரு பெண் நின்றாள். நெற்றியும் மூக்கும் அச்சு அசல் மாஸ்டர். நான் சொல்ல வந்த பொய் மறந்துபோய்ப் பேந்தப் பேந்த விழித்தேன். அவள் என்னைத் தாண்டி, நடைபாதைக் கைப்பிடி வழியே கீழே பார்த்தாள். பயிற்சிப் பலகை தெரிந்தது.

“அது எங்கப்பா வண்டி,” என்றாள். ஆப்பிள் வைத்திருந்த கை இறங்கியது. “அப்பாவுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலம்மா. கீழதான் இருக்கார்.”

அவள் இறங்கி ஓடுவதற்குள் அவரே படியேறி வந்துவிட்டார், மூச்சிரைக்க. இருவரும் கடைசிப் படிக்கு மேலும் கீழுமாக நின்றார்கள்.

“என்னப்பா?”

“ஒண்ணும் இல்ல. மேடத்துக்கு லாங் டிரைவ் கிளாஸ்.”

“நூத்தி எழுபது கிலோமீட்டரா?”

மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவரிடமிருந்து அது தானாக வெளியே வந்தது. “இருபத்திநாலுல நின்னுடுச்சேம்மா. பத்து நாளுக்கு மேல ஆச்சு.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் துண்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ அப்பா! அவனுக்கு மறதி வந்துடுச்சுப்பா! இவ்வளவு நல்லா போயிட்டிருந்த கதையில, எவனையாவது மலையிலேர்ந்து உருட்டி மறதி குடுத்துடறாங்க. எரிச்சலா இருந்துது. விட்டுட்டேன். ஆபீஸ்லயும் வேலை ஜாஸ்தி.”

மாஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம் பிடித்து வைத்திருந்ததெல்லாம் கோபமாகத்தான் வந்தது. “அது பிடிக்கலைன்னா வேற ஒண்ணைப் பாத்திருக்கக் கூடாதா? ஒரு அஞ்சு நிமிஷம்? சும்மாவாவது ஓட விட்டிருக்கக் கூடாதா?”

“நீங்க ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“நீதானே கூப்பிடாதீங்கன்ன?”

“அது போன வருஷம்ப்பா.”

பக்கத்து வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து, மூடிக்கொண்டது. மாஸ்டர் தன் தேய்ந்த காலணியைப் பார்த்தபடி, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் சொன்னார்: “அன்னிக்கு நீ வண்டியை நிறுத்தின பாரு, அவ்வளவு அழகா எவனும் நிறுத்தினதில்ல. அதைச் சொல்லணும்னுதான் இத்தனை நாளா...” அதற்குமேல் ஓடவில்லை. அவள் இரண்டு படி இறங்கி, ஈரத் தலையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தச் சோக நாடகத்தை லிஸ்ட்லேர்ந்து தூக்கினது நீங்கதானே?” என்றாள்.

“தானா போயிருக்கும்.”

நான் காரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நழுவப் பார்த்தேன். “நீங்களும் வாங்க ஆன்ட்டி, டீ போடறேன்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒற்றை அறை. ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலோரம் துணி காயும் கயிறு. மாஸ்டர் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, திருப்தியோடு வந்து உட்கார்ந்தார்.

டீ குடித்து முடித்ததும் பேச்சு தீர்ந்துபோனது. பதினான்கு மாதத்தை எங்கே பிடித்து இழுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவளே எழுந்து, கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து மேசைமேல் நிறுத்தினாள். “சரி, வந்ததுக்கு அந்த மறதிக்காரனையே பாப்போம். இவனுக்கு ஞாபகம் வருமா, வராதாப்பா? வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் பாக்கல.”

காலையில்தான் இவர் நெடுஞ்சாலையில் எனக்கு அந்தத் தும்மலைப் போட்டே காட்டியிருந்தார். நான் டீ கிளாசுக்குள் பார்வையை இறக்கிக்கொண்டேன்.

“எனக்கென்னம்மா தெரியும்?” என்றார் மாஸ்டர். “பாத்தாதானே தெரியும்.”

நாடகம் முப்பத்தெட்டாவது நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. சின்னத் திரை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். மாஸ்டர் கையை நீட்டி, கைப்பேசியை முழுக்க அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அதன் முதுகுதான் தெரியும், அதற்கு மேலே அவள் முகம்.